மாற்று குவார்ட்டர்பேக்கை எப்போது முதல்நிலைக்குக் கொண்டுவர வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் பாதியைத் தாண்டும்போது, அந்நாட்டில் வாழும் நம் வாசகர்களிடமிருந்து ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. தங்கள் பல்கலைக்கழக அணியின் முதல்நிலை குவார்ட்டர்பேக் தடுமாறுகிறார், அவருக்குப் பின்னால் காத்திருப்பவரோ துடிப்பாக இருக்கிறார், அவருக்கு ஏன் இடம் தரவில்லை என்பதே அந்தப் பொருள். இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: களத்தில் நிற்கும் பதினோரு பேரில், ஏறத்தாழ ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை வீசுவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். மற்ற இடங்களில் வீரர்களை அவ்வப்போது மாற்றி மாற்றி இறக்கலாம். இந்த இடத்தில் பெரும்பாலும் ஒருவரே ஆட்டம் முழுவதும் நிற்கிறார் என்பதால்தான் இவ்வளவு விவாதம் எழுகிறது.

கேள்வி: எங்கள் அணியின் குவார்ட்டர்பேக் நான்காம் ஆண்டு மாணவர். கடந்த மூன்று ஆட்டங்களில் அவருடைய வீச்சுகளில் ஐந்தை எதிரணியினர் பிடித்துவிட்டனர். சென்ற சனிக்கிழமை நாங்கள் 24 புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, கடைசிக் கால்பகுதியில், இரண்டாம் ஆண்டு மாணவரான மாற்று குவார்ட்டர்பேக்கை இறக்கினார்கள். அவர் வீசிய ஆறில் ஐந்து சரியாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்று டச்டவுனாகவும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) ஆனது. இனியும் அவரைப் பெஞ்சில் உட்கார வைப்பது நியாயமா?
– ஓஹையோ மாநில வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல்வதானால், முதல்நிலை இடம் அவருக்கு இன்னும் உரியதாகவில்லை. ஆனால் முதல்நிலை வீரர்களோடு சேர்ந்து ஒரு வாரம் முழுமையாகப் பயிற்சி செய்யும் வாய்ப்பும், ஆட்டத்தின் முடிவு தெரியாத நேரத்தில் களமிறங்கும் வாய்ப்பும் அவருக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும். அவற்றை மறுப்பதுதான் அநியாயம் என்று நான் கருதுகிறேன்.

24 புள்ளிகள் முன்னிலையில் இருக்கும் ஓர் அணி கடைசிக் கால்பகுதியில் எப்படித் தற்காப்பு ஆடுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். பின்வரிசையினர் வழக்கத்தைவிடப் பல யார்டுகள் தள்ளி நிற்பார்கள். தலைக்கு மேலே நீண்ட வீச்சு போய்விடக் கூடாது என்பது மட்டுமே அவர்களுடைய கவலை. முன்னால் எட்டு யார்டு, பத்து யார்டு தூரத்தில் பந்தைப் பிடித்துக்கொள்ள விட்டுவிடுவார்கள், ஏனெனில் ஒவ்வொரு சிறு வீச்சும் கடிகாரத்தைத்தான் ஓட வைக்கிறது. அவர்களுடைய சிறந்த வீரர்களில் சிலர் அதற்குள் ஓய்வுக்குப் போயிருப்பார்கள். முதல் பாதியில் உங்கள் நான்காம் ஆண்டு மாணவர் சந்தித்தது இந்தத் தற்காப்பை அன்று. அவரை நோக்கி ஐந்தாறு பேர் பாய்ந்து வந்தார்கள், அவர் வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை ஒட்டியே ஆள் நின்றார்கள், ஒரு வாரம் முழுவதும் அவருடைய பழக்கங்களைப் படத்தில் பார்த்துப் பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் எதிரே இருந்தார்கள். ஒரே நாளில், ஒரே எதிரணிக்கு எதிராக ஆடினார்கள் என்றாலும், இருவரிடமும் கேட்கப்பட்ட வேலை ஒன்றல்ல.

அந்த ஐந்து இடைமறிப்புகளையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது. ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்த பந்தை எதிராளி பிடித்திருந்தால் அது வீசியவரின் பிழையன்று. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசை சரிந்து, வீசும் கை அசையும் கணத்தில் ஒருவர் மேலே விழுந்ததால் பந்து தடம் மாறியிருந்தால், அது பெரும்பாலும் முன்வரிசையின் பிழை. மாற்று வீரர் வந்தாலும் அந்த முன்வரிசை மாறிவிடப் போவதில்லை. எதிரணி நிற்கும் விதத்தைத் தவறாகப் படித்து, காலியாக இருப்பதாக நினைத்த இடத்தில் வீசி, அங்கே ஒருவர் காத்திருந்து பிடித்துக்கொண்டிருந்தால் மட்டுமே அது குவார்ட்டர்பேக்கின் கணக்கில் சேரும். ஐந்தில் நான்கு இந்த மூன்றாம் வகையாக இருந்து, அதுவும் ஒரே வகையான தற்காப்பிடம் மீண்டும் மீண்டும் ஏமாந்தவையாக இருந்தால், உங்கள் குறை நியாயமானது. அவரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று நானும் சொல்வேன்.

மாற்று வீரரின் ஆறு வீச்சுகளையும் இதே கண்ணோடு திரும்பப் பாருங்கள். பந்து போய்ச் சேர்ந்ததா என்பதைவிட, கைக்குப் பந்து வந்ததும் அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியது, முதலில் பார்த்த ரிசீவர் மறிக்கப்பட்டிருந்தபோது இரண்டாமவரைத் தேடினாரா அல்லது உடனே ஓடத் தொடங்கினாரா, பின்னங்காலில் சாய்ந்தபடி வீசினாரா அல்லது முன்காலை ஊன்றி வீசினாரா என்பவைதான் அடுத்த சனிக்கிழமையைப் பற்றி ஏதாவது சொல்லும். பந்து கைக்கு வருமுன்பே தடுப்பாளர்களுக்குக் கையசைத்து ஏதேனும் மாற்றம் செய்தாரா என்பதையும் கவனியுங்கள். அதைச் செய்யும் இளைஞர் பாடத்தைப் படித்து வைத்திருக்கிறார் என்று பொருள்.

பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை, “நாங்கள் தினமும் பயிற்சியில் பார்க்கிறோம்” என்பது. அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. பருவத்தின்போது ஒரு மாணவரை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி, படம் பார்ப்பதும் உடற்பயிற்சியும்கூட அதற்குள் அடங்கும். எஞ்சும் நேரத்தில் முதல்நிலை ரிசீவர்களோடு ஆடும் வாய்ப்பின் பெரும்பங்கு முதல்நிலை குவார்ட்டர்பேக்குக்கே போகிறது. ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டிய ஆட்டம் இது. அந்தப் பொருத்தம் பலமுறை சேர்ந்து ஆடினால்தான் வரும். அந்த வாய்ப்பைக் கொடுக்காமலேயே “அவருக்குப் பொருத்தம் போதவில்லை” என்று சொல்வது சரியன்று. மேலும், பயிற்சியில் குவார்ட்டர்பேக்கை யாரும் தொட்டு வீழ்த்துவதில்லை. மற்றவர்களிலிருந்து பிரித்துக் காட்டும் நிறத்தில் அவருக்குச் சட்டை கொடுத்திருப்பார்கள். அடிபட்ட பின் எழுந்து வந்து அடுத்த நகர்வில் அவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பயிற்சித் திடல் ஒருநாளும் காட்டாது. அதனால்தான் ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில், புள்ளிகள் நெருக்கமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று தொடர்களை (பந்து தம்மிடம் இருக்கும் வரை ஓர் அணி அடுத்தடுத்து ஆடும் நகர்வுகள்) அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறேன். தோல்வி உறுதியான பிறகு இறக்குவது அவருக்கும் பயன்படாது, பயிற்சியாளருக்கும் எதையும் தெரிவிக்காது.

கேள்வி: அதே வாசகர் தொடர்ந்து எழுதுகிறார்: அன்றைய ஆட்டத்தில் முதல்நிலை வீரர் 30 வீச்சுகளில் 18ஐச் சேர்ப்பித்து 210 யார்டு எடுத்தார், ஒரு டச்டவுன், இரண்டு இடைமறிப்புகள். மாற்று வீரர் 75 யார்டு எடுத்தார், இடைமறிப்பு எதுவும் இல்லை. வீச்சுத் திறன் மதிப்பெண்ணைக் கணக்கிட்டால் ஒருவருக்கு 116.5, மற்றவருக்கு 243.3 வருகிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எப்படிப் புறக்கணிக்க முடியும்?

பதில்: கணக்கு சரிதான். கல்லூரி ஆட்டத்துக்கான சூத்திரம், யார்டுகளை 8.4ஆலும், டச்டவுன்களை 330ஆலும், சேர்ந்த வீச்சுகளை 100ஆலும் பெருக்கிக் கூட்டி, ஒவ்வோர் இடைமறிப்புக்கும் 200 கழித்து, மொத்த வீச்சுகளின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கிறது. எல்லாம் அந்த வகுத்தலில்தான் இருக்கிறது. ஒரே ஒரு டச்டவுன், 30 முறை வீசியவரின் மதிப்பெண்ணை 11 மட்டுமே உயர்த்துகிறது; ஆறு முறை வீசியவரின் மதிப்பெண்ணை 55 உயர்த்துகிறது. உங்கள் மாற்று வீரரின் பந்தைப் பிடித்த ரிசீவரை எல்லைக்கு ஒரு யார்டு முன்னால் யாராவது இழுத்து வீழ்த்தியிருந்தால், வீச்சில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, 243.3 என்பது 186.9ஆகக் குறைந்திருக்கும். அவர் ஏழாவதாக ஒரு பந்தை வீசி அது இடைமறிக்கப்பட்டிருந்தால் 180 ஆகியிருக்கும். ஒரே நகர்வில் இந்த அளவுக்கு ஏறி இறங்கும் எண்ணைக் கொண்டு யாருடைய இடத்தையும் தீர்மானிக்கக் கூடாது.

இன்னொரு குறையும் இந்த மதிப்பெண்ணில் உண்டு. பந்தை வீசாமல் கையிலேயே வைத்திருந்து, எதிராளிகளால் வீழ்த்தப்பட்டு யார்டுகளை இழந்தால், கல்லூரிக் கணக்கில் அந்த இழப்பு ஓட்டக் கணக்கில் சேர்கிறதே தவிர வீச்சுக் கணக்கில் சேர்வதில்லை. அனுபவம் குறைந்த குவார்ட்டர்பேக்குகளின் முதல் பலவீனமே பந்தைத் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருப்பதுதான். அந்தப் பலவீனத்தை இந்த எண் கண்டுகொள்வதே இல்லை.

கேள்வி: 2018 ஜனவரியில் அலபாமாவின் நிக் சேபன் இடைவேளையிலேயே குவார்ட்டர்பேக்கை மாற்றித் தேசியப் பட்டத்தை வென்றாரே! துணிச்சல் உள்ள பயிற்சியாளர் அப்படித்தானே செய்ய வேண்டும்?
– அலபாமா மாநில வாசகர் ஒருவர்

பதில்: இந்த விவாதத்தில் எல்லாரும் முதலில் எடுத்துக்காட்டும் ஆட்டம் அதுதான், எடுத்துக்காட்டத் தக்கதும்கூட. 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில், ஜியார்ஜியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், இடைவேளையின்போது அலபாமா 0–13 என்று பின்தங்கியிருந்தது. அதற்கு முன் தொடக்க வீரராக ஆடிய 27 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்றிருந்த ஜேலன் ஹர்ட்ஸ், அன்று முதல் பாதியில் எட்டு வீச்சுகளில் மூன்றை மட்டும் சேர்ப்பித்து 21 யார்டு எடுத்திருந்தார். இரண்டாம் பாதியில் முதலாண்டு மாணவரான டுவா டங்கோவைலோவா வந்தார். கூடுதல் நேரத்தில் 26–23 என்று அலபாமா வென்றது.

ஆனால் அந்த மாணவரின் அன்றைய ஆட்டம் பிழையற்றதாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் இடைமறிப்பு நேர்ந்தது. கூடுதல் நேரத்தின் முதல் நகர்விலேயே, நான் மேலே சொன்ன அதே பலவீனத்தால், பந்தை விடாமல் பின்வாங்கிப் பின்வாங்கி ஓடி 16 யார்டு இழந்தார். நான்கு நகர்வுகளுக்குள் கடக்க வேண்டிய 10 யார்டு, இரண்டாம் நகர்வில் 26 யார்டு தேவை என்றானது. அடுத்த நகர்வில் அவர் செய்ததைப் பாருங்கள்: பந்தை வாங்கியதும் வலப்பக்கம் பார்த்தார், பின்வரிசைக் காவலர் அந்தப் பார்வையை நம்பி நடுவிலேயே தங்கினார், அந்த அரைநொடியில் இடப்பக்க எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிய டெவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு வீச்சு, டச்டவுன். சற்று முன் செய்த பெரும்பிழை அவருடைய கையையும் கண்ணையும் தொடவில்லை. மாற்று வீரரிடம் தேட வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். பிழை செய்யாதவர் என்று யாரும் இல்லை. பிழைக்கு அடுத்த நகர்வில் அவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம்.

சேபன் எடுத்தது குருட்டுத் துணிச்சலும் அன்று. ஹர்ட்ஸின் ஓட்டத்தை மறிப்பதற்கு ஜியார்ஜியா நன்றாகத் தயாராகி வந்திருந்தது. நீண்ட வீச்சு இல்லாமல் அந்தத் தற்காப்பை உடைக்க வழியில்லை. நீண்ட வீச்சு டுவாவின் பலம். எதிரணியின் குறிப்பிட்ட தடைக்கு எதிராகக் குறிப்பிட்ட திறமையை இறக்கிய மாற்றம் அது. “யாராவது மாறட்டும், ஏதாவது நடக்கட்டும்” என்று செய்யப்படும் மாற்றங்கள் எத்தனையோ. அவற்றில் தோற்றவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதால், மாற்றினாலே வெற்றி என்பது போலத் தோன்றுகிறது.

இந்தக் கதையின் பிற்பகுதி எனக்கு இன்னும் முக்கியமாகப்படுகிறது. இடத்தை இழந்த ஹர்ட்ஸ் உடனே வெளியேறவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, அதே அரங்கில், அதே ஜியார்ஜியாவுக்கு எதிராக, டுவா காயம்பட்டு வெளியேறியபோது, ஏழு புள்ளிகள் பின்தங்கிய நிலையில் கடைசிக் கால்பகுதியில் மாற்று வீரராக இறங்கினார். ஒரு டச்டவுனுக்கு வீசினார், ஒன்றைத் தானே ஓடி எடுத்தார். 35–28 என்று அலபாமா வென்றது. பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றார். 2025 பிப்ரவரியில், தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரரானார். பெஞ்சில் அமர்த்தப்பட்ட ஒருவரைத் திறமையற்றவர் என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேள்வி: அரங்கில் மாணவர்கள் மாற்று வீரரின் பெயரைச் சொல்லிக் கோஷமிடுகிறார்கள். பயிற்சியாளர் அதற்குச் செவிசாய்க்க வேண்டுமா?
– டெக்சஸ் மாநில வாசகி ஒருவர்

பதில்: கூடாது. கூட்டத்தின் கணிப்பு சில வேளைகளில் சரியாக இருப்பதும் உண்மைதான். 2021 செப்டம்பரில் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு எதிரான ஆட்டத்தின்போது ஓக்லஹோமா மாணவர்கள் கேலப் வில்லியம்ஸின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். களத்தில் நின்றவர் ஸ்பென்சர் ராட்லர். இரண்டு வாரங்களில், அக்டோபர் 9 அன்று டாலஸில் டெக்சஸ் அணி 28–7 என்று முன்னிலை பெற்ற ஆட்டத்தில் வில்லியம்ஸ் பொறுப்பேற்று 55–48 என்று வெற்றிபெறச் செய்தார். மறு ஆண்டே, வேறு பல்கலைக்கழகத்துக்காக ஆடி, ஹைஸ்மன் விருதும் பெற்றார். கூட்டம் சொன்னது பலித்தது. ஆனால் அதே 2021 நவம்பரில் பேலரிடம் 27–14 என்று தோற்ற ஆட்டத்தில், வில்லியம்ஸையே சிறிது நேரம் வெளியே எடுத்துவிட்டு ராட்லரை இறக்க வேண்டி வந்தது. அந்த ராட்லரோ மறு ஆண்டு சவுத் கரோலினாவுக்காக டென்னசிக்கு எதிராக ஆறு டச்டவுன்கள் வீசினார்.

கூட்டம் பிழைபட்ட ஆண்டும் அதே 2021தான். ஜியார்ஜியாவின் ஸ்டெட்சன் பென்னட், உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, ஒருமுறை வெளியேறி, திரும்பி வந்து, ஜே.டி. டேனியல்ஸ் காயம்பட்டதால் இடம் பெற்றவர். டிசம்பரில் அலபாமாவிடம் 41–24 என்று தோற்றதும், டேனியல்ஸை இறக்குங்கள் என்று பலர் வற்புறுத்தினார்கள். பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் மாற்றவில்லை. 2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸில் அதே அலபாமாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் பென்னட் பந்தை நழுவவிட, அலபாமா 18–13 என்று முந்தியது. அடுத்து வந்த தொடரில் அவரே 40 யார்டு டச்டவுன் வீசினார். 33–18 என்று ஜியார்ஜியா பட்டம் வென்றது. அடுத்த ஆண்டும் அவர் தலைமையிலேயே வென்றது.

இக்கரைக்கு அக்கரை பச்சையாகத் தெரிவது இயல்பு. களத்தில் நிற்பவரின் குறைகளை வாராவாரம் பார்க்கிறோம். பெஞ்சில் இருப்பவரின் குறைகளைப் பார்க்க நமக்கு வாய்ப்பே வரவில்லை. கோஷமிடுமுன் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்க்கும்படி உங்கள் வழியாக அந்த மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: களத்தில் நிற்பவரும் அவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரும் இருபது, இருபத்தொரு வயது மாணவர்தான்.

கேள்வி: இருவரையும் மாற்றி மாற்றி ஆட வைத்தால் என்ன?
– மிஷிகன் மாநில வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் மாநிலத்திலேயே அது நடந்திருக்கிறது. 1999இல் மிஷிகன் பயிற்சியாளர் லாயிட் கார், முதல் கால்பகுதியை டாம் பிரேடிக்கும் இரண்டாவதை ட்ரூ ஹென்சனுக்கும் கொடுத்து, இடைவேளைக்குப் பிறகு யார் என்பதை அப்போதைக்கப்போது முடிவு செய்தார். சில வாரங்களில் அதைக் கைவிட்டு பிரேடியையே நிலையாக்கினார். 2014 பருவத்தில் மூன்றாம் நிலையிலிருந்து வந்து தேசியப் பட்டம் வென்று கொடுத்த கார்டேல் ஜோன்ஸையும், காயத்திலிருந்து மீண்ட ஜே.டி. பாரெட்டையும் வைத்துக்கொண்டு 2015இல் ஓஹையோ ஸ்டேட் தடுமாறியதும் தெரிந்ததே.

இந்த ஏற்பாடு பலிப்பது ஒருவகையில்தான்: இருவருக்கும் வெவ்வேறு வேலை இருக்க வேண்டும். 2006இல் ஃப்ளோரிடா அணியில் கிறிஸ் லீக்தான் முதல்நிலை. முதலாண்டு மாணவரான டிம் டீபோ, ஓரிரு யார்டு தேவைப்படும் நேரங்களில் ஓடுவதற்காக வந்து போனார். தன் வேலை எது என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்தப் பருவத்தின் பட்டம் அவர்களுக்கே கிடைத்தது. ஒரே வேலையை இருவருக்கும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தால், ஒரு பிழை செய்தால் வெளியே போக வேண்டுமோ என்ற அச்சத்தோடு இருவரும் வீசுவார்கள். அச்சத்தோடு வீசும் பந்து தாமதமாகத்தான் கையை விட்டுப் போகும்.

கேள்வி: மூன்று ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தவருக்கு ஓர் உரிமை இல்லையா? புதிதாக வந்த முதலாண்டு மாணவர் அவரைத் தாண்டிப் போவது சரியா?
– சவுத் கரோலினா மாநில வாசகர் ஒருவர்

பதில்: காத்திருப்புக்கு மரியாதை உண்டு. சமமான திறமை உள்ள இருவருக்கிடையே காத்திருந்தவருக்கே முதல் வாய்ப்பு என்பதை ஏற்கிறேன். சமமாக இல்லாதபோது, மற்ற நூறு மாணவர்களின் உழைப்பையும் பயிற்சியாளர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மாநிலத்தின் கிளெம்சன் 2018இல் சந்தித்தது இதையே. முந்தைய பருவத்தில் அணியைத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று வரை கொண்டுபோன கெல்லி பிரையன்ட் முதல் நான்கு ஆட்டங்களையும் தொடக்க வீரராக ஆடினார், நான்கிலும் வெற்றி. ஆயினும் பயிற்சியாளர் டாபோ ஸ்வீனி, ஒவ்வோர் ஆட்டத்திலும் முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸுக்கும் சில தொடர்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் ஆட்டத்துக்கு முன் அவரை முதல்நிலைக்கு உயர்த்தினார். பிரையன்ட் அதே வாரத்தில் அணியை விட்டு விலகினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் அந்த ஆண்டை, கல்லூரி அணியில் தான் ஆட அனுமதிக்கப்படும் ஆண்டுகளின் கணக்கில் இழக்கவேண்டியதில்லை என்ற விதி அந்தப் பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கியிருந்தால் அவருடைய கடைசி ஆண்டு போயிருக்கும். கிளெம்சன் 15 ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றது. ஸ்வீனியின் முடிவும் சரியாகவே அமைந்தது. இரண்டு பேரும் தவறு செய்யவில்லை, ஆயினும் ஒருவர் மனம் நொந்துதான் போனார். இந்தப் பதவியைப் பற்றி முடிவெடுக்கும்போது அதைத் தவிர்க்க வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் நிலைமை இன்னும் மாறிவிட்டது. 2018 அக்டோபரில், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் இடமாற்றப் பதிவேடு வந்தது. 2021 முதல், முதன்முறையாக மாறிப் போகிறவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். முதல்நிலை குவார்ட்டர்பேக்குக்கும் மாற்று வீரருக்கும் இடையே உள்ள தொலைவு இப்போது பணத்தாலும் அளக்கப்படுகிறது. ஆகவே பயிற்சியாளர்கள் தங்கள் முடிவைக் காலந்தாழ்த்தாமல், மாணவரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பதை முன்னைவிட அழுத்தமாகச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் ஒரு கல்லூரி அணியில் இரண்டாம் நிலை குவார்ட்டர்பேக். தானே தகுதியானவன் என்று நம்புகிறான். வேறு கல்லூரிக்குப் போகலாமா என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– நியூ ஜெர்சி மாநில வாசகி ஒருவர்

பதில்: முதலில், அவர் தன்னைத் தகுதியானவர் என்று நம்புவது நல்லது, அந்த நம்பிக்கை இல்லாதவர் அந்த இடத்தில் நிற்கவே முடியாது. பயிற்சியாளரை அவர் தனியாகச் சந்தித்து, “எனக்கு ஏன் இடமில்லை” என்று கேட்காமல், “எந்த இரண்டு விஷயங்களில் நான் அவரைவிடப் பின்தங்கியிருக்கிறேன், அவற்றைக் காட்ட எனக்கு எப்போது வாய்ப்புத் தருவீர்கள்” என்று கேட்கட்டும். தெளிவான விடை வந்தால் இருக்கலாம். இரண்டு முறை கேட்டும் பொத்தாம் பொதுவான விடையே வந்தால், அந்த விடையே ஒரு விடைதான்.

நான் மேலே சொன்ன கிளெம்சன் அணியிலேயே சேஸ் பிரைஸ் என்ற மாணவர் இருந்தார். அந்த வாரத் தொடக்கத்தில் அவர் மூன்றாம் நிலை. பிரையன்ட் விலகியதால் இரண்டாம் நிலையானார். சனிக்கிழமை சிரக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் இரண்டாம் கால்பகுதியில் காயம்பட்டு வெளியேற, களத்தில் நின்றார். கடைசி நிமிடங்களில், நான்காம் நகர்வில் ஆறு யார்டு தேவைப்பட்ட நெருக்கடியில் டீ ஹிக்கின்ஸுக்கு 20 யார்டு வீசி, 94 யார்டு தொடர் ஒன்றை முடித்துக் கொடுத்து, 27–23 என்று வெல்ல வைத்தார். அந்த வாரத்தின் திட்டத்தைத் தொடக்க வீரரைப் போலவே படித்து வைத்திராத ஒருவரால் அதைச் செய்திருக்க முடியாது. முதல்நிலை இடம் அதன் பிறகும் அவருக்குக் கிளெம்சனில் கிடைக்கவில்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு ட்யூக்குக்கும், பிறகு அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கும் போய்த் தொடக்க வீரராக ஆடினார். 2022இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 17–14 என்று வீழ்த்தினார்.

உங்கள் மகன் எந்த ஆண்டில் படிக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. பட்டம் பெற ஓராண்டோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அதற்கு மேல் இருந்தால், போக நினைக்கும் கல்லூரி அவர் இதுவரை படித்த பாடங்களில் எவற்றை ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அங்கே ஏற்கெனவே எத்தனை குவார்ட்டர்பேக்குகள் எந்தெந்த ஆண்டில் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம்.